தீர்த்தம் குடிச்ச அடுப்பு

வல்லி மச்சாள் போகப்போறன் எண்டு சொன்னது ஐப்பசி மாசம், இரவு இடியப்பம் சாப்பிடேக்க. தைப்பொங்கல் முடிய டென்மார்க்குக்கே திரும்பிப் போறாவாம். அங்க அவவின்ர பிளாட்டில வாடகைக்கு இருக்கிற பிள்ளை அப்ப விட்டுப் போகுதாம். இவருக்குத்தான் சொன்னா. இவர் "ஓம், ஓம்" எண்டு சொதியை ஊத்திக் குழைச்சுக்கொண்டு இருந்தார். தலையில இடி விழுந்தாலும் எங்கட வீட்டு மனுசனுக்குச் சாப்பிட்டு முடியத்தான் விளங்கும். நான் கோப்பையைத் தள்ளி வச்சிட்டன்.

வல்லி எண்டது கனகவல்லி. இவற்ற தங்கச்சி, என்ர வயசுதான் வரும், ஆளையாள் மச்சாள் எண்டுதான் கூப்பிடுறது. கலியாணம் கட்டேல்லை. டென்மார்க்கில ஒரு வயோதிபர் இல்லத்தில முப்பது வருசம் வேலை செய்து, முழங்கால் தேஞ்சு, வேலையை விட்டிட்டு ரெண்டு வருசத்துக்கு முன்னம் எங்களிட்ட வந்தவ. புருசன்ர தங்கச்சி வந்து இருக்கப்போறா எண்டா ஆருக்குத்தான் யோசனை வராது? எனக்கும் வந்ததுதான். ஆனா வந்து ஒரு மாசத்தில ஆள் எனக்கு ஒட்டிப்போச்சு. எங்கட பிள்ளையள் ரெண்டும் கலியாணம் முடிச்சு வேற வேற பக்கம் போனாப் பிறகு, லண்டனில, கோலியர்ஸ் வுட்டில இந்த ஒடுங்கின நீள வீட்டுக்குள்ள நானும் இவரும் ரிவியும்தான். மச்சாள் வந்த பிறகுதான் வீட்டில கதைபேச்சு எண்டு ஒண்டு வந்தது. நாடகத்தில வாற மாமியாரைத் திட்டுறதுக்கு எனக்கொரு துணை கிடைச்சுது. என்ர பகிடிக்குச் சிரிக்க ஒரு ஆள். எனக்கு அவவில சரியான விருப்பம், அதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்.

அப்ப ஏன் போறா? அடுத்த நாள் விடிய நேரடியாக் கேட்டன். மச்சாள் கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "குளிர் மச்சாள்" எண்டா.

அது உண்மையாத்தான் இருக்கவேணும் எண்டு நினைச்சன். ஏனெண்டா மற்றதில நான் ஒரு குறையும் வைக்கேல்லை. வந்த நாள் தொடக்கம் அவவை ஒரு கோப்பை கழுவ விட்டதில்லை. கதிரைக்குச் சாப்பாடு போகும், கட்டிலடிக்குத் தேத்தண்ணி போகும். குசினிக்குள்ள காலடி வச்சா "நீங்கள் உழைச்சுக் களைச்ச ஆள், போய் இருங்கோ" எண்டு திருப்பி அனுப்பிப்போடுவன். புருசன்ர சகோதரியளை ஒவ்வொருத்தர் படுத்திற பாட்டைப் பாத்தா, என்னை மாதிரி ஒரு மச்சாள் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கவேணும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொள்ளுறது.

வீடு குளிர்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. நூறு வருசத்துக்கு மேல வயசு போன வீடு. முன் ஹோலில இருக்கிற ஹீற்றர் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளுற அளவுக்குத்தான் வேலை செய்யும். அதோட இவருக்கு ஒரு பழக்கம், நடையில இருக்கிற ஹீற்றிங் சில்லை ஆரும் பாக்காத நேரம் குறைச்சுவிடுறது. நான் கூட்டிவிடுவன், அவர் குறைச்சுவிடுவார். எங்கட தாம்பத்தியத்தில பாதி அந்தச் சில்லிலதான் நடக்குது. மச்சாள் சொல்லுவா, டென்மார்க்கில குளிர் வெளியிலதான், வீட்டுக்குள்ள வராது எண்டு. அங்க அவ முந்தி இருந்த வீட்டில ஒரு பெலட் அடுப்பு இருந்ததாம். மரத்தூளை அமத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிதான் பெலட். பாத்தா கோழித்தீன் மாதிரி இருக்கும். அதை மேல இருக்கிற தொட்டியில கொட்டிவிட்டா, உள்ளுக்கு ஒரு திருகு சுத்திச் சுத்திக் கொஞ்சம் கொஞ்சமா நெருப்புக்குத் தள்ளிக்கொண்டு இருக்கும். சுவிச்சை அமத்தினாத் தானே பத்தும்.

குளிரைத் துரத்தினா ஆள் நிப்பா. எனக்கு அவ்வளவுதான் கணக்கு. "காஸ் இருக்கேக்க விறகு எரிக்க நாங்கள் என்ன காட்டிலையோ இருக்கிறம்?" எண்டு இவர் இழுத்தார். நீங்கள் அந்தச் சில்லில இருந்து கையை எடுங்கோ, நான் அடுப்பு வாங்காமல் விடுறன் எண்டன்.

கிங்ஸ்டன் பக்கம் ஒரு கடைக்கு மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனன். அவவுக்காகத்தான் வாங்கிறன் எண்டு சொல்லேல்லை. கடையில ஒரு அடுப்பு எரிஞ்சுகொண்டு இருந்தது. மச்சாள் மூக்குக்கண்ணாடியைத் தலைக்குத் தூக்கி விட்டிட்டுக் குனிஞ்சா. மூடியைத் திறந்து பாத்தா. பெலட் ஒண்டை எடுத்து முறிச்சு, மணந்து பாத்தா. அடுப்புக்குள்ள இருக்கிற காத்தாடி எவ்வளவு சத்தம் போடுது எண்டு காதை வச்சுக் கேட்டா. லண்டனில புகைக்குச் சட்டம் இருக்கு, இந்த அடுப்புக்கு அனுமதி இருக்கோ எண்டு கடைக்காரனைக் குடைஞ்செடுத்தா. ரெண்டு வருசத்தில அவவை நான் அப்பிடிக் கண்டதில்லை. கறுப்பு நிறத்தில, இடுப்பளவு உயரத்தில, ஒரு சின்ன அலுமாரி மாதிரி ஒரு இத்தாலி அடுப்பைக் காட்டி இதுதான் நல்லது எண்டா. பிறகு என்ர பக்கம் திரும்பி, ஒவ்வொரு நாளும் விடியச் சாம்பல் எடுக்கவேணும், கண்ணாடி துடைக்கவேணும், கிழமைக்கொருக்கா உள்ளுக்கு வடிவாத் துப்பரவாக்கவேணும் எண்டு விளக்கம் சொல்லத் தொடங்கினா.

"அதெல்லாம் நான் பாப்பன் மச்சாள். நீங்கள் இருந்து குளிர் காயுங்கோ" எண்டன்.

மச்சாள் கண்ணாடியைக் கீழ இறக்கிக்கொண்டு, ஒரு மூலைக் கதிரையில போய் இருந்திட்டா. முழங்கால் நோகுதாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு நான் காசைக் கட்டினன்.

அடுப்பைப் பொருத்திப் பூட்ட வந்தவர் செபமாலைமுத்து. இத்தாலியில கன காலம் இருந்து இந்த வேலை பழகி, பிறகு பிள்ளையளின்ர படிப்புக்கெண்டு லண்டனுக்கு வந்தவராம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய தொண்டை. பழைய புகைக்கூண்டுக்குள்ளால குழாயை இறக்கேக்க, ஒரு வாளி கரியும் ஒரு குருவிக்கூடும் என்ர கார்ப்பெட்டில வந்து விழுந்தது. நான் அவரை ஒரு பிடி பிடிச்சன். வீடு கட்டின நாள் தொடக்கம் சேர்ந்ததுக்கு என்னை ஏன் அக்கா பேசிறியள் எண்டு அவர் சிரிச்சார். மச்சாள் எட்டிப் பாக்க வந்தா. தூசிக்குள்ள நிக்காதேங்கோ எண்டு நான் மேல அனுப்பிப்போட்டன்.

பின்னேரம் எல்லாம் பூட்டி, பிளக்கும் குடுத்து, நச்சுவாயு அலாரத்தையும் சுவரில அடிச்சுப்போட்டு, மூட்டிப் பாப்பம் எண்டார். அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. போதாக்குறைக்கு அட்டமி. புது அடுப்பை அட்டமியில மூட்ட நான் விடுவனோ?

"அக்கா, சுவிச்சை அமத்தினா எரியிற சாமானுக்கு அட்டமி என்ன, நவமி என்ன?" எண்டார்.

நீங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், உங்களுக்கு விளங்காது எண்டு சொல்லி, வெள்ளிக்கிழமை விடிய வரச்சொன்னன். அவரும் தலையில அடிச்சுக்கொண்டு ஒத்துக்கொண்டார். போறதுக்கு முன்னம் அடுப்பை எப்பிடிப் பாவிக்கிறது எண்டு இவருக்குப் பாடம் எடுத்தார். நான் அந்த நேரம் அவருக்குக் குடுத்துவிட ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டன். இவர் எல்லாத்துக்கும் தலையாட்டினது குசினியில இருந்து தெரிஞ்சுது. இவர் தலையாட்டினா ஒண்டும் ஏறேல்லை எண்டு அர்த்தம். அது தெரிஞ்சும் நான் போய் என்னவெண்டு கேக்கேல்லைப் பாருங்கோ.

வியாழக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அருச்சனை செய்து, ஒரு போத்தில் தீர்த்தமும் வாங்கிக்கொண்டு வந்தன். மஞ்சள், ஏலக்காய், பச்சைக் கற்பூரம் எல்லாம் போட்டு மணந்தது. வெள்ளிக்கிழமை விடிய முழுகி, அடுப்பின்ர நெத்தியில சந்தனமும் குங்குமமும் வச்சு, முன்னால நிறைகுடம் வச்சு, மச்சாளுக்கு நல்ல சீலை உடுக்கச் சொல்லிக் கதிரையில இருத்தி, எல்லாம் ஆயத்தம். பத்தரைக்கு இராகுகாலம் தொடங்குது. அதுக்குள்ள மூட்டிப்போடவேணும். பாத்தா செபமாலைமுத்து போன் அடிக்கிறார், ரூட்டிங்கில றோட்டுக் கிண்டி வச்சிருக்கிறாங்கள், வர நேரம் செல்லும், நான் வராமல் மூட்டாதேங்கோ எண்டு. ஓம் எண்டு சொல்லி வச்சன். ஓம் எண்டா செய்வன் எண்டில்லையே.

பெலட் பையை வெட்டித் தொட்டி நிறையக் கொட்டினன். மாவிலையால மூண்டு தரம் தீர்த்தம் தெளிச்சன். அது வரைக்கும் பிழையில்லை. ஆனா போத்திலில முக்கால்வாசி மிச்சம் இருந்தது. கோயில் தீர்த்தத்தைச் சிங்கில ஊத்தலாமோ? கால் படாத இடத்தில, ஒரு பூக்கண்டின்ர அடியிலதான் விடவேணும். எங்கட பின்வளவில இரவிரவா நரி வந்து மூத்திரம் பெய்யுது, அதில கொண்டுபோய் விட எனக்கு மனம் வரேல்லை. அடுப்புக்கெண்டு வாங்கினது அடுப்புக்கே போகட்டும், மரக்குச்சி தானே, சூட்டில காயாதோ எண்டு முழுப் போத்திலையும் தொட்டிக்குள்ள கவிட்டுப்போட்டன். பெலட் சுர்ரெண்டு உறிஞ்சுது. பிள்ளையாரே குடிக்கிறார் எண்டு எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது.

இவர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து சுவிச்சை அமத்தினார். நான் கற்பூரம் காட்டினன். காத்தாடி சுத்திச்சுது. உள்ளுக்குக் கரகர எண்டுது. பிறகு அந்தக் கரகர ஒரு முனகலாப் போச்சுது. பிறகு அதுவும் நிண்டு, சிவப்பு லைட் ஒண்டு பத்தி, பீப் பீப் எண்டு அடிக்கத் தொடங்கிச்சுது. தயாராகிட்டுதாக்கும் எண்டார் இவர். எனக்குக் கொதி வந்திட்டுது. போனை எடுத்து, இத்தாலிக் குப்பையை எங்கட தலையில கட்டிப்போட்டியள் எண்டு செபமாலைமுத்துவுக்குத் தொடங்கினன். ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ, இந்தா வாறன் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு மனுசன் கட் பண்ணிப்போட்டார்.

மச்சாள் கதிரையால எழும்பி வந்தா. முதல் வேலையா பிளக்கைக் கழட்டினா. பிறகு மூடியைத் தூக்கி உள்ளுக்குக் கையை விட்டு எடுத்தா. கை நிறைய மஞ்சள் நிறத்தில ஒரு களி. பெலட் எல்லாம் ஊதி, கரைஞ்சு, மரத்தூளாப் போய்க்கிடந்தது.

"இதுக்குள்ள என்ன ஊத்தினீங்கள் மச்சாள்?"

"தீர்த்தம்."

"எவ்வளவு?"

நான் வெறும் போத்திலைக் காட்டினன். மச்சாள் போத்திலைப் பாத்தா, என்னைப் பாத்தா, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. சிரிச்சுச் சிரிச்சு அவவின்ர கண்ணால தண்ணி வந்தது. ஈரம் பட்டா பெலட் பழுதாம், உள்ள இருக்கிற திருகு இறுகிப்போமாம். பிள்ளையார் பிடிக்கப்போய் குரங்காய் முடிஞ்ச கதை எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். அண்டைக்கு என்ர கையாலையே பிடிச்சன்.

மச்சாள் சீலைத் தலைப்பை இடுப்பில செருகினா. ஒரு கரண்டியும் வாளியும் தாங்கோ எண்டா. நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தன். ஆனா கரண்டியை அவவிட்டக் குடுக்கேல்லை. நான் செய்த வேலை, நானே அள்ளிறன், நல்ல சீலையோட நிக்கிறியள், போய் இருங்கோ எண்டன்.

மச்சாள் கரண்டியின்ர மற்றப் பக்கத்தைப் பிடிச்சா. விடேல்லை.

"ரெண்டு வருசமா இருங்கோ, இருங்கோ எண்டுறியள். நானும் இருந்து இருந்து விறைச்சுப்போனன்" எண்டா. குரல் உயரேல்லை. "முப்பது வருசம் வயசுபோன சனத்தைத் தூக்கிக் குளிப்பாட்டின கை மச்சாள் இது. இஞ்ச ஒரு கோப்பை கழுவ விடுறியளில்லை. விருந்தாளி எண்டா ஒரு நாளைக்குப் போகத்தானே வேணும்?"

"அப்ப ஏன் குளிர் எண்டு சொன்னனீங்கள்?"

"பின்ன என்னத்தைச் சொல்லுறது? உங்கட அன்பு கூடிப்போச்சு எண்டோ?"

எனக்குக் கோவமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுசிக்கு நான் இராசாத்தி மாதிரிச் செய்தன், அதுதான் பிழையோ எண்டு கேக்க வாய் உன்னிச்சுது. ஆனா அவவின்ர முகத்தைப் பாத்தன். கடையில மூலைக் கதிரையில போய் இருந்த முகம்தான் அது. முழங்கால் நோவெண்டு நான் நினைச்சது முழங்கால் இல்லை. நான் கரண்டியை விட்டன்.

விட்டிட்டுச் சும்மா நிக்க எனக்குத் தெரியாதே. தேத்தண்ணி போடட்டோ எண்டு கேட்டன். தேத்தண்ணி வேண்டாம், வாளியைக் கிட்டப் பிடியுங்கோ எண்டா. பிடிச்சன். இன்னும் கிட்ட எண்டா. கிட்டப் பிடிச்சன். பழைய பேப்பர் கொண்டாங்கோ எண்டா, கொண்டுபோனன். என்ர வீட்டில என்னை ஒராள் வேலை ஏவினது அதுதான் முதல் தரம்.

செபமாலைமுத்து வந்து சேரேக்க நாங்கள் ரெண்டு பேரும் முழங்கை மட்டும் மஞ்சள். அவர் வாசலில நிண்டு எங்களையும், சந்தனப் பொட்டு வச்ச அடுப்பையும், வாளியையும் மாறி மாறிப் பாத்தார்.

"அக்கா, அடுப்புக்கு ஞானஸ்நானம் குடுத்திட்டியளோ?"

அண்டைக்கு ஆரும் என்னை என்னவும் சொல்லலாம் எண்ட நிலைமை. அவர் திருகைக் கழட்டி எடுத்து, மிசினால உறிஞ்சி, மச்சாளின்ர தலைமயிர் காய வைக்கிற மிசினால காயவும் வச்சார். அந்த மூலைக்குள்ள இன்னும் கொஞ்சம் கிடக்கு எண்டு மச்சாள் பக்கத்தில நிண்டு சொல்லிக்கொண்டு இருந்தா. ஓம் அக்கா, ஓம் அக்கா எண்டு அவர் அவவுக்கும் பயந்து வேலை செய்தார். எல்லாம் பூட்டி, காய்ஞ்ச பெலட் போட்டு முடிய, இவர் மணிக்கூட்டைப் பாத்து இப்ப நல்ல இராகுகாலம் எண்டு ஞாபகப்படுத்தினார்.

"இராகுவும் குளிருக்குள்ளதானே திரியிறார், வந்து இருந்திட்டுப் போகட்டும்" எண்டன். "மச்சாள், நீங்கள் அமத்துங்கோ."

மச்சாள் அமத்தினா. கன நேரம் ஒண்டும் இல்லை. பிறகு கண்ணாடிக்குப் பின்னால வெள்ளைப் புகை சுழண்டுது. அதுக்குள்ள இருந்து ஒரு சின்ன நெருப்பு எழும்பி, பெருத்து, செம்மஞ்சளா நிண்டு எரிஞ்சுது. புது அடுப்பின்ர பெயின்ற் மணம் போகவேணும் எண்டு செபமாலைமுத்து எல்லா யன்னலையும் திறந்துவிட்டார். அதனால எங்கட வீட்டில அடுப்பு எரிஞ்ச முதல் நாள்தான் அந்த வருசத்திலயே பெரிய குளிர். எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு அடுப்பைச் சுத்தி இருந்தம். தேத்தண்ணி மச்சாள் போட்டா. நான் எழும்பாமல் இருக்கிறதுக்குக் கதிரைக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். சீனி காணாது. நல்லாயிருக்கு எண்டு சொல்லிக் குடிச்சன்.

அதுக்குப் பிறகு அடுப்பு மச்சாளின்ர கையில. விடிய எழும்பிச் சாம்பல் எடுக்கிறது, கண்ணாடி துடைக்கிறது, பெலட் பை ஈரம் படாமல் பலகை மேல அடுக்கிறது எல்லாம் அவதான். நான் மூடியில கை வச்சா "அதை விடுங்கோ" எண்டு ஒரு அதட்டல் வரும். குசினியிலயும் பாதி அவவின்ர கைக்குப் போயிட்டுது. ஒரு கோப்பையைச் சிங்கில கழுவாமல் விட்டிட்டுப் போறதெண்டா எனக்குப் பல்லுப் பிடுங்கிற மாதிரி, ஆனா விட்டன். கறிக்கு அவ போடுற உப்பு கூடத்தான். தின்னுறம்.

ஆனா பொங்கலுக்குப் பிறகு என்ன எண்டு மச்சாள் ஒரு வார்த்தை சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. கேட்டா, நிண்டுபோங்கோ எண்டு திரும்பவும் அன்பைக் கொட்டத் தொடங்கிப்போடுவன் எண்டு எனக்கே என்னில பயம். இவரைக் கேக்கச் சொன்னன். அவள் சொல்லேக்க சொல்லுவாள்தானே எண்டிட்டு மனுசன் ரிவியைப் பாக்கத் தொடங்கிட்டார். மார்கழி முழுக்க நாக்கைக் கடிச்சுக்கொண்டு திரிஞ்சன். பொங்கலும் வந்து போச்சுது.

அடுத்த நாள் விடிய நான் கீழ இறங்கி வரேக்க, மச்சாள் தலையணையை முழங்காலுக்குக் கீழ போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால இருந்தா. சாம்பல் தட்டைப் பேப்பரில கவிட்டுத் தட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பாக்காமலே கதைச்சா.

"குளிர்காலத்தில பெலட் வாங்கினா விலை கூட மச்சாள். வாற ஆவணியில நான் முழு வருசத்துக்கும் ஒண்டா ஓடர் பண்ணுறன். பின்னால ஷெட்டைத் துப்பரவாக்கி வைக்கச் சொல்லி அண்ணைக்குச் சொல்லுங்கோ."

சரி எண்டன். மேல போய் இவரை உலுப்பி எழுப்பி, ஷெட்டைத் துப்பரவாக்கட்டாம், ஆவணியில வல்லி பெலட் எடுக்கப்போறாவாம் எண்டன். இவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "ஆவணிக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு, இப்ப என்னத்துக்கு உந்த அவசரம்?" எண்டார்.

"ஓமப்பா, எவ்வளவு காலம் கிடக்கு" எண்டு சொல்லிக் கட்டில் விளிம்பில இருந்து நல்லா அழுதன்.